எண்ணில் ஒலி கண்ட அறிஞர்

இசை என்பது மிடற்றாலும் நரம்பாலும் காற்றாலும் தோலாலும் பிறப்பது என்றே உலகம் நெடுங்காலம் எண்ணி வந்தது. யாழின் நரம்பிலிருந்து பண்ணும், குழலின் துளையிலிருந்து இன்னொலியும், முழவின் முகத்திலிருந்து தாளமும் எழுவதை யாவரும் அறிவர். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இவற்றுள் எதனையும் சாராத புதியதோர் இசை பிறந்தது. அது எண்களிலிருந்து பிறந்த இசை. தாளில் எழுதப்பெற்ற கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றும் கணிப்பொறி, அக்கட்டளைகளின் ஒழுங்கையே செவிக்கு இனிய ஒலியாக மாற்றிக் காட்டியது. இன்று திரைப்படப் பாடலிலும் கைப்பேசியின் மணியொலியிலும் நாம் கேட்கும் கணிப்பொறி இசைக்கு அதுவே தொடக்கம். அத்தொடக்கத்திற்கு வித்திட்டவருள் தலைசிறந்தவர் ஆலன் டூரிங் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர்.

பிறப்பும் இளமையும்

டூரிங்கின் குடும்பத்திற்கும் தமிழகத்திற்கும் தொடர்பு உண்டு. அவர்தம் தந்தையார் ஜூலியஸ் டூரிங், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் சென்னை மாகாணத்தில் அரசுப் பணி புரிந்தவர். அன்னையார் ஈதல் சாரா 1881ஆம் ஆண்டில் கோவையை அடுத்த போத்தனூரிற் பிறந்தவர். அவ்வம்மையாரின் தந்தையார் சென்னை இருப்புப்பாதை நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக விளங்கினார். இத்தகைய பெற்றோர்க்கு இரண்டாம் மகனாக, 1912ஆம் ஆண்டு சூன் 23ஆம் நாள், ஆலன் இலண்டன் மாநகரில் தோன்றினார்.

தந்தையாரின் பணி இந்தியாவில் இருந்தமையால், ஆலனும் அவர்தம் தமையனாரும் இங்கிலாந்தின் கடற்கரை ஊர் ஒன்றில், ஓய்வுபெற்ற படைத்தலைவர் ஒருவர் இல்லத்தில் வளர்க்கப்பெற்றனர். தாயின் மடியும் தந்தையின் தோளும் பல்லாயிரம் கல் தொலைவில் இருந்தன. இளமையிலேயே தம் வேலையைத் தாமே செய்துகொள்ளும் வழக்கமும், தனிமையில் ஆழ்ந்து எண்ணும் இயல்பும் அச்சிறுவருக்கு வாய்த்தன.

1926ஆம் ஆண்டில் அவர் ஷெர்போர்ன் என்னும் ஊரிலுள்ள பள்ளியிற் சேரவேண்டியிருந்தது. அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது. பிரான்சு நாட்டிலிருந்து கப்பலில் வந்து சௌதாம்டன் துறைமுகத்தில் இறங்கிய வேளையில், நாடெங்கும் தொழிலாளர் பொது வேலைநிறுத்தம் நிகழ்ந்துகொண்டிருந்தது, புகைவண்டிகள் ஓடவில்லை. பள்ளியோ ஏறக்குறைய 60 கல் தொலைவில் இருந்தது. பிறராயின் திரும்பிச் சென்றிருப்பர். ஆலன் தம் மிதிவண்டியில் ஏறினார். வழியில் விடுதி ஒன்றில் இரவு தங்கினார். மறுநாள் பள்ளியின் வாயிலை அடைந்தார். எடுத்த செயலை இடையில் விடாத இவ்வுறுதி அவர் வாழ்நாள் முழுதும் அவருடன் இருந்தது.

பள்ளியில் ஆசிரியர்கள் அவரை அத்துணை மெச்சவில்லை. அவர் கையெழுத்து ஒழுங்கற்றது. இலத்தீன் முதலிய பாடங்களில் நாட்டம் குறைவு. கணிதத்திலும் அறிவியலிலுமோ, பாடநூலைக் கடந்து தாமே வழி கண்டு செல்லும் ஆற்றல் அவரிடம் மிகுந்திருந்தது. அவ்வாற்றலை உணர்ந்து உவந்த தோழர் கிறித்தோபர் மார்க்கம் என்பவர். விண்மீன்களைப் பற்றியும் எண்களைப் பற்றியும் இருவரும் அளவளாவி மகிழ்ந்தனர். அந்தோ! 1930ஆம் ஆண்டில் மார்க்கம் நோயுற்று மறைந்தார். ஆலன் ஆற்றொணாத் துயருற்றார். உள்ளம் என்பது யாது, உடம்பாகிய பொறிக்கும் அதற்கும் உள்ள தொடர்பு யாது என்னும் வினா அன்று அவர் நெஞ்சில் வேர்கொண்டது. தோழர் அடைந்திருக்கக்கூடிய பெருமையைத் தாம் உழைத்து எய்தவேண்டும் என்னும் எண்ணமும் வலுப்பெற்றது.

எல்லாம் செய்யும் ஒரு பொறி

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரியிற் பயின்ற டூரிங், 22ஆம் வயதிலேயே அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினர் ஆனார். 1936ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை ஒன்று கணித உலகில் புதிய வாயிலைத் திறந்தது. கணக்கிடுதல் என்னும் செயலை மிகச் சிறு படிகளாகப் பிரித்தால் எஞ்சுவது யாது என அவர் ஆராய்ந்தார். கட்டங்கள் வரைந்த நீண்ட நாடா ஒன்று. ஒரு கட்டத்திலுள்ள குறியைப் படித்தல், அழித்தல், எழுதுதல், அடுத்த கட்டத்திற்கு நகர்தல் ஆகிய எளிய செயல்கள். இன்ன நிலையில் இன்னது செய்க என்னும் கட்டளைப் பட்டியல். இவை இருப்பின், முறைப்படி கணக்கிடத்தக்க எதனையும் கணக்கிடலாம் என்று அவர் காட்டினார்.

இதனினும் வியப்பான உண்மை ஒன்றும் அக்கட்டுரையில் இருந்தது. நெய்வதற்குத் தறியும், குத்துவதற்கு உரலும், இறைப்பதற்கு ஏற்றமும் எனச் செயலுக்கொரு கருவி வேண்டுவது உலக வழக்கம். டூரிங் கண்ட பொறியோ அத்தகையதன்று. கட்டளைப் பட்டியலையும் நாடாவிலேயே எழுதிக்கொடுத்தால், ஒரே பொறி எல்லாப் பொறிகளின் செயலையும் செய்துவிடும். பொறியை மாற்ற வேண்டுவதில்லை. கட்டளையை மாற்றினாற் போதும். கூட்டலும் பெருக்கலும் செய்த பொறியே, கட்டளை மாறியதும் சதுரங்கம் ஆடும். மேலும் மாறினால் பாட்டும் பாடும். இக்கட்டளைத் தொகுதியையே இன்று நிரல் என வழங்குகிறோம். 1936இல் இப்பொறி டூரிங்கின் கருத்தில் மட்டுமே இருந்தது. அதனைக் கண்ணாற் காணப் பன்னிரண்டு ஆண்டுகள் கழியவேண்டியிருந்தது.

போர்க்காலத் தொண்டு

அமெரிக்காவிலுள்ள பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று 1938இல் டூரிங் நாடு திரும்பினார். மறு ஆண்டே இரண்டாம் உலகப் போர் மூண்டது. செருமானியர் தம் படைச் செய்திகளை எனிக்மா என்னும் கருவியால் மறைமொழியாக்கி வானொலி வழியே அனுப்பினர். அம்மறைமொழியை அவிழ்க்கும் பணி பிலெட்ச்லி பார்க் என்னும் இடத்தில் மறைவாக நடைபெற்றது. போலந்து நாட்டு அறிஞர்கள் முன்னரே கண்ட வழிகளை அடிப்படையாகக் கொண்டு, டூரிங் புதிய பொறியொன்றைத் திட்டமிட்டார். அட்லாண்டிக் கடலில் நீர்மூழ்கிக் கப்பல்களால் அழிவுற்று வந்த வணிகக் கலங்கள் பல, இம்முயற்சியால் காக்கப்பெற்றன. இத்தொண்டு பல்லாண்டுகள் மறைபொருளாகவே இருந்தது. நாடு அவருக்குச் செலுத்தவேண்டிய நன்றியை நாட்டு மக்கள் அறியவில்லை.

போரின் பிற்பகுதியில் அவர் கருத்து மனிதர்தம் பேச்சொலியின்மீது சென்றது. தொலைபேசியிற் பேசுவதைப் பகைவர் ஒட்டுக்கேட்டாலும் பொருள் விளங்காதவாறு செய்வது எவ்வாறு? 1943ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் நியூயார்க்கு நகரிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்திற்குச் சென்று, அங்கு உருவாகிக்கொண்டிருந்த பேச்சு மறைப்பு முறையை ஆராய்ந்தார். நாடு திரும்பியபின், எளிதில் எடுத்துச் செல்லத்தக்க சிறு கருவியொன்றைத் தாமே அமைக்க முற்பட்டார். அதற்குத் தெலீலா என்பது பெயர்.

அக்கருவியின் அடிப்படை எளியது. ஒலி என்பது காற்றின் அலை. அவ்வலையின் உயரத்தை ஒரு நொடிக்குள் பல ஆயிரம் முறை அளந்தால், அலை ஓர் அளவுத் தொடராக மாறிவிடும். அத்தொடரோடு மறைவான வேறொரு தொடரைக் கூட்டினால் பேச்சு வெறும் இரைச்சலாகும். எதிர்முனையில் அதனைக் கழித்தால் மீண்டும் பேச்சாகும். கருவி நிறைவுறுவதற்குள் போர் முடிந்தது, அது பயன்படுத்தப்படவில்லை. ஆயினும் குரலை அளவுகளாக்கலாம், அவ்வளவுகளை மீண்டும் குரலாக்கலாம் என்பதனை டூரிங் தம் கையாலேயே செய்து கண்டார்.

பேசத் தொடங்கிய பொறி

போருக்குப்பின் டூரிங், தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் கணிப்பொறி ஒன்றினை வடிவமைத்தார். பணி மிகவும் தாழ்த்தமையால் மனம் சலித்து, 1948ஆம் ஆண்டில் மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். நெடுந்தொலைவு ஓடுவதில் அவர் வல்லவர். 1947இல் 26 கல் ஓட்டத்தை 2 மணி 46 நிமிடத்தில் முடித்தவர். ஆராய்ச்சியிலும் அவர் அத்தகைய நெடுந்தொலைவு ஓட்டக்காரரே.

மான்செஸ்டரில் 1948ஆம் ஆண்டு சூன் 21ஆம் நாள், நினைவகத்தில் வைக்கப்பெற்ற நிரலை ஒரு மின்னணுப் பொறி முதன்முதலாக நிறைவேற்றியது. அதன் வழித்தோன்றலாகிய பெராண்டி மார்க்கு 1 என்னும் பெரும் பொறி, 1951ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பல்கலைக்கழகத்தை வந்தடைந்தது. அப்பொறிக்கு நிரல் எழுதுவோர்க்கான கையேட்டை எழுதியவர் டூரிங்கே. அக்காலத்தில் நிரல் எழுதுதல் இன்றுபோல் எளிதன்று. 32 குறிகளைக் கொண்டு, தொலைவரி நாடாவில் துளைகளாகக் கட்டளைகளைப் பொறித்தல் வேண்டும். ஒரு குறி பிழைத்தாலும் முழு வேலையும் பிழைபடும்.

அப்பொறியில் ஓர் ஒலிபெருக்கி பொருத்தப்பெற்றிருந்தது. குறிப்பிட்ட கட்டளையொன்றைக் கொடுத்தால் அதிலிருந்து டிக் என்னும் சிற்றொலி ஒன்று எழும். கடிகார முள் நகரும் ஓசையை ஒத்தது அது. தனித்த அவ்வொலியால் இசை பிறவாது. ஆயின், கொள்ளிக்கட்டையை விரைந்து சுழற்றினால் தனித்தனித் தீப்பொறி தோன்றாது ஒரு வட்டம் தோன்றுவதை நாம் கண்டிருக்கிறோம். கண்ணுக்கு நிகழும் அம்மயக்கம் செவிக்கும் நிகழும். சிற்றொலிகள் நொடிக்குச் சில நூறு முறை இடைவிடாது எழுமாயின், செவி அவற்றைத் தனித்தனியாகக் கேளாது. நீண்டதொரு சுரமாகவே கேட்கும்.

எனவே, ஒலிக்கும் கட்டளையை மீண்டும் மீண்டும் நிறைவேற்றும் சுழற்சி ஒன்றை நிரலில் எழுதவேண்டும். அப்பொறி ஒரு கட்டளையை நிறைவேற்ற ஏறக்குறைய 0.96 மில்லி நொடி ஆகும். ஒலிக்க என்னும் கட்டளையும், தொடக்கத்திற்குத் திரும்புக என்னும் கட்டளையும் ஆகிய இரண்டால் அமைந்த சுழற்சி ஒருமுறை சுற்றி வர 1.92 மில்லி நொடி ஆகும். ஆகவே நொடிக்கு ஏறக்குறைய 521 முறை ஒலி எழும். இடையில் வேறொரு கட்டளையைச் சேர்த்து மூன்றாக்கினால் 347 முறையும், நான்காக்கினால் 260 முறையும் எழும். சுழற்சி நீள நீளச் சுரம் தாழும். குறுகக் குறுகச் சுரம் உயரும். இரண்டு கட்டளைகளின் சுரமும் நான்கு கட்டளைகளின் சுரமும் ஒன்றற்கொன்று இருமடங்காதலின், அவை மேல் தானத்துச் சட்சமும் கீழ்த் தானத்துச் சட்சமும்போல் இயையும். வீணையில் மெட்டுகளின்மீது விரல் செய்யும் வேலையை, இங்குக் கட்டளைகளின் எண்ணிக்கை செய்தது!

ஓர் இடர்ப்பாடும் இதில் உண்டு. அரைக் கட்டளை என ஒன்றில்லை. ஆதலின் எல்லாச் சுரங்களையும் நேரே பெறல் இயலாது. நீளம் வேறுபட்ட இடைவெளிகளை மாற்றி மாற்றி அடுக்கி, வேண்டிய சுரத்தை நெருங்கவே இயலும். சில சுரங்கள் சற்றே பிசகி ஒலிப்பதைத் தவிர்க்க முடியவில்லை.

டூரிங் இவ்வொலிகளை இசைக்கென அமைத்தாரல்லர். வேலை முடிந்ததற்கு ஒரு சுரம், பிழை நேர்ந்ததற்கு வேறொரு சுரம் எனப் பொறி தன் நிலையைத் தானே அறிவிக்கவேண்டும் என்பதே அவர் நோக்கம். அச்சுரங்களைப் பண்ணாகத் தொடுக்கும் பேறு மற்றொருவர்க்கு வாய்த்தது.

ஓர் இரவின் விளைவு

ஹாரோ பள்ளியில் ஆசிரியராக இருந்த கிறித்தோபர் ஸ்ட்ரேச்சி, பியானோ வாசிப்பதில் விருப்பமுடையவர். கிங்ஸ் கல்லூரியில் டூரிங்கை அறிந்தவர். புதிய பொறியைப் பற்றிக் கேள்வியுற்று, அதன் கையேட்டை டூரிங்கிடம் கேட்டுப் பெற்றார். கற்பதற்கு அரியதென்று பலரும் அஞ்சிய அந்நூலைத் தம் ஓய்வு வேளையில் கருத்தூன்றிப் பயின்றார். 20 பக்கங்களுக்கு மேற்பட்ட நீண்ட நிரல் ஒன்றை எழுதிக்கொண்டு 1951ஆம் ஆண்டில் மான்செஸ்டருக்கு வந்தார். அதுவரை அப்பொறிக்கு எழுதப்பெற்ற நிரல்களுள் அதுவே மிக நீண்டது.

பொறியை இயக்கும் முறையை டூரிங் மிக விரைவாக எடுத்துரைத்து, அவரைத் தனியே விட்டுச் சென்றார். புதியவராகிய ஸ்ட்ரேச்சி அவ்விரவு முழுதும் பொறியின் முன் விழித்திருந்து, பிழைகளை ஒவ்வொன்றாகக் களைந்தார். பொழுது புலர்ந்தபோது நிரல் பெரும்பாலும் செம்மையாக இயங்கியது. இறுதியில், ஒருவரும் எதிர்பாராவகையில், பொறி இங்கிலாந்தின் நாட்டுப் பண்ணை இசைத்தது! சூழ நின்றோர் வியந்தனர். மிகுதியாகப் பேசாத டூரிங்கும் ஓரிரு சொற்களாற் பாராட்டினார். அவ்வோர் இரவின் உழைப்பு பள்ளியாசிரியரைக் கணிப்பொறித் துறைக்கு ஈர்த்தது. பிற்காலத்தில் அவர் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் பெருமையுடன் பணியாற்றினார்.

அவ்வாண்டின் பிற்பகுதியில் பி.பி.சி. வானொலியினர் வந்து அப்பொறியின் இசையைத் தட்டில் பதிவு செய்தனர். நாட்டுப் பண்ணும், குழந்தைப் பாடல் ஒன்றும், மக்கள் விரும்பிய நடன இசை ஒன்றும் அதில் இடம்பெற்றன. நடன இசையின் நடுவில் பொறி நின்றுவிட, அங்கிருந்தோர் நகைத்த ஒலியும் பதிவாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலும் ஒரு கணிப்பொறி மெட்டுகளை இசைத்தது; ஆயினும் அவ்விசையின் பதிவு எஞ்சவில்லை. இன்று கிடைக்கும் பதிவுகளுள் பழமையானது மான்செஸ்டர்ப் பதிவே.

2016ஆம் ஆண்டில் நியூசிலாந்து அறிஞர் இருவர் அத்தட்டின் பதிவை ஆராய்ந்தனர். அதிற் கேட்ட சுரங்கள் சில, அப்பொறி எழுப்பவே இயலாதனவாக இருந்தன. அதனால், பதிவு செய்த கருவி தவறான விரைவிற் சுழன்றது என்பதனை உணர்ந்தனர். பொறி எந்தெந்தச் சுரங்களை எழுப்பும் என்பதனைக் கட்டளைகளின் கால அளவைக் கொண்டு கணக்கிட்டு, பதிவின் விரைவைத் திருத்தினர். 65 ஆண்டுகளுக்கு முன் எழுந்த ஒலி உண்மை வடிவில் மீண்டும் கேட்டது. தட்டு பிழைபட்டிருந்தும் எண் பிழைபடவில்லை.

துயர முடிவு

இத்துணைப் பெருமைக்குரியவரின் இறுதிக் காலம் நெஞ்சை உருக்குவது. டூரிங் தம் பாலினத்தவரையே விரும்பும் இயல்பினர். அவ்வியல்பைக் குற்றமெனக் கருதிய சட்டம் அன்று இங்கிலாந்தில் நிலவியது. 1952ஆம் ஆண்டில் அவர் குற்றஞ்சாட்டப்பெற்றார். எவருக்கும் தீங்கிழையாத அவர் உண்மையை மறைக்கவில்லை. சிறைக்கு மாற்றாக, உடலையும் உள்ளத்தையும் நலிவிக்கும் மருந்தினை ஓராண்டுக் காலம் ஏற்குமாறு விதிக்கப்பெற்றார். நாட்டின் மறைபொருட்களைக் காத்தவர், அரசின் மறைப்பணிகளுக்குத் தகுதியற்றவர் என விலக்கப்பட்டார்.

அத்துன்பத்திலும் அவர் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. விலங்குகளின் தோலில் புள்ளிகள் அமைவது எவ்வாறு, சூரியகாந்திப் பூவில் விதைகள் சுருளாக அடுக்கப்படுவது எவ்வாறு என்பனவற்றை அதே மான்செஸ்டர்ப் பொறியைக் கொண்டு கணக்கிட்டார். 1954ஆம் ஆண்டு சூன் 7ஆம் நாள், 41ஆம் வயதில், தம் இல்லத்தில் உயிர் நீத்தார். நஞ்சினால் தாமே உயிரை மாய்த்துக்கொண்டார் என்று விசாரணை அதிகாரி முடிவு செய்தார். அது தவறி நேர்ந்த இறப்பே என்று அன்னையார் இறுதிவரை நம்பினார்.

அச்சட்டம் 1967ஆம் ஆண்டில் தளர்த்தப்பெற்றது. 2009ஆம் ஆண்டில் பிரித்தானியப் பிரதமர், நாடு டூரிங்குக்கு இழைத்த கொடுமைக்காக வருத்தம் தெரிவித்தார். 2013ஆம் ஆண்டில் அரசியார் மன்னிப்பு வழங்கினார். 2021ஆம் ஆண்டு முதல் 50 பவுன் பணத்தாளில் அவர் உருவம் இடம்பெற்றது. காலங்கடந்து வந்த இச்சிறப்புகளை அவர் காணவில்லை. அறிஞர் ஒருவரை அவர் வாழுங்காலத்திலேயே மதித்துக் காக்காத சமுதாயம், அவரால் வரவிருந்த நன்மைகளையும் இழக்கிறது என்பதனை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.

ஓங்கி வளர்ந்த இசை

டூரிங் மறைந்த மூன்றாம் ஆண்டில், 1957இல், அவர் முன்பு சென்றிருந்த பெல் ஆய்வுக்கூடத்தின் நியூஜெர்சிக் கிளையில் மேக்ஸ் மேத்யூஸ் என்னும் பொறியாளர் இசைக்கெனவே ஒரு நிரலை எழுதினார். டிக் என்னும் ஒலியைச் சுழற்றும் முறையை அவர் கொள்ளவில்லை. ஒலியலையின் உயரத்தை எண் எண்ணாகப் பொறியே கணக்கிட்டுத் தர, அவ்வெண்களை மீண்டும் அலையாக மாற்றும் முறையைக் கையாண்டார். எவ்வகை ஒலியையும் எண்ணால் ஆக்கலாம் என்பது உறுதியாயிற்று. அன்று இசைத்தது 17 நொடி மட்டுமே. இன்றோ, யாழும் குழலும் முழவும் மனிதக் குரலும் கணிப்பொறிக்குள் எண்களாய் அடங்கியிருக்கின்றன.

இந்நாளில் நிரல் எழுதி ஒலி எழுப்ப விரும்பும் மாணவர் பெருஞ்செல்வம் தேடவேண்டுவதில்லை. பள்ளியிலுள்ள எளிய கணிப்பொறியே போதும். முதலில் ஒரு சுரம். அதன் விரைவை இருமடங்காக்கினால் அதன் மேல் தானம். பின்னர்ச் சுரங்களின் வரிசை. அதன்பின் தாளம் எனப் படிப்படியாகச் செல்லலாம். ஸ்ட்ரேச்சி தொடங்கியதும் ஒரு கையேட்டைப் பொறுமையுடன் கற்றதிலிருந்தேயாம். பிழை நேர்ந்துழி மனந்தளராது, அதன் காரணத்தைத் தேடிக் களைவதே இக்கலையின் முதற்பாடம். புகைவண்டி ஓடாத நாளில் மிதிவண்டியில் ஏறிப் பள்ளியை அடைந்த அச்சிறுவரின் உறுதி நம் மாணவர்க்கும் வாய்க்குமாயின், எண்ணும் இசையும் அவர்தம் கைவயப்படும்.